மீன் தொட்டிச் செடிக்கு கார்பன் டை ஆக்சைடு கேஸ் எதிலிருந்து விடுவது? கரண்ட் அடிக்கடி போகும் ஊருக்கான கேள்வி பதில்

ரங்கூன், தாம்வே: 60 லிட்டர் தொட்டி. ஈஸ்ட் பாட்டில் போதுமா, சிலிண்டர் வாங்கணுமா அண்ணே? சிலிண்டர் செட் விலை கேட்டாலே தலை சுத்துது.

விலையைப் பிறகு பார்க்கலாம். உங்கள் வீட்டில் ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் கரண்ட் போகிறது, அதை முதலில் பாருங்கள். கரண்ட் போனதும் ஃபில்டர் நிற்கும், மேல்தண்ணீர் அசையாது. விளக்கும் அணைவதால் செடி ஆக்ஸிஜன் விடுவதை நிறுத்திவிட்டு மீனோடு சேர்ந்து ஆக்ஸிஜனை இழுக்க ஆரம்பிக்கும். சீனியைப் புளிக்கவைத்து கேஸ் விடும் ஈஸ்ட் பாட்டிலுக்கு இதெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு கேஸைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நான்கு மணி நேரக் கட்டில் மீன் மேலே வந்து வாய் பிளப்பது இதனால்தான்.

சிலிண்டர் செட்டில் இருக்கும் சோலனாய்டு வால்வு கரண்ட் இருந்தால்தான் திறக்கும். போனால் தானே மூடிக்கொள்ளும். ஆகவே நீண்ட கட் உள்ள வீட்டுக்கு சிலிண்டர்தான் என் முதல் தேர்வு. கையில் அவ்வளவு பணம் இல்லையென்றால் சிட்ரிக் ஆசிட், ஆப்ப சோடா போடும் செட்டை சோலனாய்டோடு வாங்குங்கள். பகலில் வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் ஈஸ்ட். இன்வெர்ட்டர் இருந்தால் ஃபில்டரை அதில் மாட்டுங்கள், விளக்கை விட்டுவிடலாம்.

தொட்டியில் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகொரைன், மாஸ் மட்டும்தான் என்றால் கேஸே வேண்டாம். தரையில் படரும் செடியும் சிவப்புத் தண்டுச் செடியும்தான் கேஸ் கேட்கும்.

பெகு: எனக்கு ஈஸ்ட்தான் கட்டுப்படியாகும். போன தடவை நாலே நாளில் தீர்ந்துபோச்சு. சரியான அளவு சொல்லுங்க.

கோலா, சோடா வரும் 2 லிட்டர் பாட்டில் எடுங்கள். குடிதண்ணீர் பாட்டில் மெல்லியது, அழுத்தம் தாங்காது. சீனி 200 கிராம், நம் கடைக் கணக்கில் அரைக்கால் வீசை. ட்ரை ஈஸ்ட் கால் டீஸ்பூன், ஆப்ப சோடா அரை டீஸ்பூன். சீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்க்க வேண்டும். சூட்டில் போட்டால் ஈஸ்ட் செத்துவிடும். மேலே நான்கு விரற்கடை காலி விடுங்கள், நுரை ஏறும்.

நாலு நாளில் தீர்ந்தது என்றால் ஈஸ்ட் அதிகம், அதோடு வெயில். சித்திரை வெயிலில் ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்து பாட்டிலை சிமெண்ட் தரையில் வையுங்கள். இரண்டு வாரம் வரை ஓடும்.

பாட்டிலிலிருந்து நேராகத் தொட்டிக்கு டியூப் போடாதீர்கள். நடுவில் பாதித் தண்ணீரோடு ஒரு சின்ன பாட்டில் வையுங்கள்: பொங்கி வரும் புளித்த கலவை அதிலேயே தங்கிவிடும், குமிழியையும் எண்ணலாம். தொட்டிப் பக்கம் ஒரு செக் வால்வு, தண்ணீர் திரும்பி வராமல் தடுக்க. கரண்ட் போனால் டியூபைத் தொட்டியிலிருந்து எடுத்து வெளியே தொங்கவிடுங்கள். கிள்ளி அடைத்தால் பாட்டில் வெடிக்கும். டியூப் நுனியில் வரும் வெள்ளைக் கொழகொழப்பு வெறும் பாக்டீரியா. கெடுதல் இல்லை, இறால் இருந்தால் தின்றுவிடும்.

மாண்டலே: தீயணைப்பு சிலிண்டர் பழசு மலிவா வருது. அதையே ரெகுலேட்டர் மாட்டி ஓட்டலாமா?

அப்படியே மாட்டாதீர்கள். அந்த சிலிண்டருக்குள் அடிவரை இறங்கும் ஒரு குழாய் இருக்கும். நிமிர்த்தி வைத்தால் திரவமாகவே வெளியே வரும். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் உறைந்து வீணாகும். காலியான சிலிண்டரில் கேஸ் கடைக்காரர் மட்டும் அந்தக் குழாயைக் கழற்ற வேண்டும். கழுத்தில் பொறித்த அழுத்தச் சோதனைத் தேதியையும் பாருங்கள். தேதி இல்லாத சிலிண்டர் இனாமாக வந்தாலும் வேண்டாம்.

உங்கள் ஊருக்கு இன்னொன்று. 31 டிகிரியைத் தாண்டினால் இந்த கேஸ் உள்ளே திரவமாக நிற்காது, அழுத்தம் சரசரவென்று ஏறும். மாண்டலேயில் 40 டிகிரி புதிதல்ல. பொறித்த எடைக்கு மேல் நிரப்பச் சொல்லாதீர்கள்; மாடியில், ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

மரையும் முக்கியம். அமெரிக்க வகை வேறு, சீன செட்டில் வரும் டபிள்யூ 21.8 வேறு. சிலிண்டரைக் கையில் கொண்டுபோய் ரெகுலேட்டர் வாங்குவது நல்லது. நடுவில் நைலான் வாஷர் வைத்து இறுக்கி, சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். டியூப் பாலியூரிதேனாக இருக்கட்டும்; சிலிகான் டியூப் வழியாக கேஸ் கசியும்.

மோல்மீன்: கேஜ் முள் ஒரு மாதமா ஒரே இடத்தில் நிக்குது. கேஸ் இன்னும் நிறைய இருக்குன்னு அர்த்தமா?

இல்லை. உள்ளே ஒரு சொட்டு திரவம் இருக்கும்வரை முள் இறங்காது. மிச்சம் தெரிய தராசுதான். முள் இறங்க ஆரம்பித்தால் சில நாள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றை நிலை ரெகுலேட்டரில் அந்த நேரம் தொட்டிக்குப் போகும் வெளி அழுத்தம் ஏறி, மிச்ச கேஸ் ஒரேயடியாகத் தொட்டியில் கொட்டலாம். சிலிண்டரை அதற்கு முன்பே மாற்றுங்கள்.

தவுங்ஜி: கேலக்ஸி ரஸ்போரா வளர்க்கிறேன். தண்ணீர் கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) 8. கேஸ் விட்டால் பிஹெச் இறங்கி மீனுக்கு ஆகாதா?

2006இல் உங்கள் பக்கத்து ஹோப்போங் குளங்களில் கண்டெடுத்த மீன். லேசான காரத் தண்ணீர் அதற்குப் பழக்கம். கேஹெச்சை 3ஆல் பெருக்கி, அதை 10இன் (7 கழித்தல் பிஹெச்) அடுக்கால் பெருக்கினால் கேஸ் அளவு வரும். உங்கள் தண்ணீரில் பிஹெச் 7.1 என்றால் லிட்டருக்கு சுமார் 19 மில்லிகிராம், 6.9 என்றால் 30. நீங்கள் 7.1ல் நிறுத்துங்கள். கேஸ் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கரில் தொட்டித் தண்ணீர் ஊற்றாதீர்கள், கேஹெச் 4 கரைசல்தான் ஊற்ற வேண்டும். நீலம் கலந்த பச்சை உங்களுக்குப் போதும். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், அதற்குள் வால்வைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள்.

தட்டோன்: 'திரவ கார்பன்' பாட்டில் வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையாமே?

பெரும்பாலும் அது குளூடரால்டிஹைடு என்னும் கிருமிநாசினி. ஆல்கே எனும் வேண்டாத பாசியைக் கொல்லும், கேஸுக்கு ஈடாகாது. வாலிஸ்னேரியா இருந்தால் இலை கரையும்.

ரங்கூன், இன்செய்ன்: சிலிண்டர் செட் மாட்டியாச்சு. எவ்வளவு, எப்போது விடணும்?

60 லிட்டருக்கு விநாடிக்கு ஒரு குமிழியில் ஆரம்பியுங்கள். வெளி அழுத்தம் 2 பார் அளவில் இருக்கட்டும். விளக்கு போடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு திறந்து, அணைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடும்படி டைமர் வையுங்கள். கரண்ட் போனால் முள் டைமர் பின்தங்கும், பேட்டரி உள்ள டிஜிட்டல் வாங்குங்கள். கூட்டுவதென்றால் நாளைக்குக் கொஞ்சம்தான், அதுவும் நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில். மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால் கேஸை மூடி, ஏர் பம்ப் போட்டு, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கி கலந்த பிறகு.