கேள்வி – பதில்: சம்பந்திக்கு முழுப் பன்றி

எங்கள் மருமகளுக்குச் சொந்த ஊர் பிலிப்பைன்ஸின் செபு. சம்பந்தி வீட்டார் வரும்போது 40 பேருக்கு லெச்சோன் (கழியில் கோத்துக் கரியில் சுடும் முழுப் பன்றி) சுட வேண்டும். எடை, மசாலா, நேரம் சொல்லுங்களேன்? – தேவகோட்டை வாசகி

உயிர் எடை 30–35 கிலோ உள்ள வெண்பன்றியைப் பண்ணையில் சொல்லி வையுங்கள். சுத்தம் செய்தால் 22–25 கிலோ தேறும். மற்ற பதார்த்தங்களும் இருந்தால் 40 பேருக்குப் போதும். மயிரை வெந்நீர் ஊற்றிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். வைக்கோல் போட்டுத் தீய்த்தால் தோல் அப்போதே கருகிவிடும்.

செபு முறையில் மசாலா எல்லாம் வயிற்றுக்குள். கால் கிலோ கல்லுப்பைப் பொடித்து உள்ளே தேய்த்து, எலுமிச்சைப்புல் ஒரு பெரிய கட்டு, உரித்த பூண்டு அரைக் கிலோ, சின்ன வெங்காயம் ஒரு கிலோ, மிளகு, பிரிஞ்சி இலை, அன்னாசிப்பூ நாலைந்து திணித்துக் கோணி ஊசியால் தையுங்கள். நம் கை சும்மா இருக்காது, மிளகாய்த்தூளை எடுக்கும். தோலில் மட்டும் அதைத் தடவாதீர்கள். அரை மணியில் கருகிக் கசக்கும். தோலைத் துணியால் ஒற்றி நன்றாக உலர்த்தினாலே போதும்.

பன்றியைக் கோத்துச் சுற்றும் கழிக்குப் பச்சை மூங்கில் நல்லது. இரும்புக் குழாய் என்றால் ஜி.ஐ. வேண்டாம், அதில் துத்தநாகப் பூச்சு இருக்கும். முதுகெலும்பைக் கழியோடு எவர்சில்வர் கம்பியால் மூன்று இடத்தில் இறுக்குங்கள். இல்லையென்றால் கழி மட்டும் சுற்றும், பன்றி அப்படியே தொங்கும்!

சீமைக்கருவைக் கரி 25 கிலோ கையில் இருக்கட்டும். நாலரை முதல் ஐந்து மணி நேரம் ஆகும். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) சுட வேண்டாம், தேக்குத் தூணெல்லாம் புகை அப்பும். கொல்லையில் காற்றடிக்கும் பக்கம் தகரம் நிறுத்திக்கொள்ளுங்கள்.

போன தடவை தோல் ஓரிடத்தில் கருகி, ஓரிடத்தில் ரப்பராக இழுத்தது. ஏன்? – காரைக்குடி வாசகர்

கரியை நடுவில் குவித்திருப்பீர்கள். வயிறு மெல்லியது, தொடையும் தோளும் தடிமன். கரியை அந்த இரு முனைகளுக்கு நேராக, பக்கவாட்டில் போட வேண்டும். சொட்டும் கொழுப்பு நேரே நெருப்பில் விழாததால் தீயும் எழும்பாது. முதல் ஒரு மணி நேரம் இளஞ்சூடு. சுற்றுவதை ஒரு நிமிடம்கூட நிறுத்தக் கூடாது. தோல் கொப்புளித்தால் ஊசியால் குத்தி ஆவியை வெளியேற்றுங்கள், விட்டால் அங்கேதான் வெடிக்கும். இடையிடையே இளநீர் லேசாகத் தடவலாம், கடைசி ஒரு மணியில் அதுவும் வேண்டாம்.

ரப்பராவதற்குக் காரணம் ஈரம். கடைசி 20 நிமிடம் கரியை விசிறிச் சூட்டை ஏற்றினால் தோல் பொரியும். தொடையின் ஆழத்தில், எலும்பில் படாமல், வெப்பமானி 75 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். இறக்கியபின் மூடிவைத்தீர்களா? பாதித் தவறு அதில்தான். ஆவி திரும்பத் தோலில் இறங்கி நமத்துவிடும். திறந்தபடி 20 நிமிடம் விட்டு, தோலைத் தனியே உடைத்து முதலில் பரிமாறுங்கள்.

மீந்த கறியை என்ன செய்வது? – புதுவயல் வாசகி

வினிகர், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை, வேகவைத்து அரைத்த ஈரல், கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். அவர்கள் ஊரில் பக்சிவ் என்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த கறி மட்டும் வேண்டாம்.