கொச்சியில் வல்லார்பாடம் இருக்கும்போது திருவனந்தபுரம் அருகே விழிஞத்தில் இன்னொரு கன்டெய்னர் துறைமுகம் எதற்கு?

விழிஞம் செய்யும் வேலையை வல்லார்பாடத்தால் செய்ய முடியாது. ஆழம் ஒரு காரணம்; அந்த ஆழத்தைத் தக்கவைக்க ஆகும் செலவு அதைவிடப் பெரிய காரணம்.

இருபதடிக் கணக்கில் 24,000 கன்டெய்னர் ஏற்றும் தாய்க்கப்பல் முழுச் சரக்குடன் 16 மீட்டருக்கு மேல் நீரில் அமிழும். அதன் அடிக்கும் கடல்தரைக்கும் நடுவே மேலும் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும். ஆக, 18 மீட்டர் ஆழம் தேவை. 2011இல் திறக்கப்பட்ட வல்லார்பாடம் காயலுக்குள் இருப்பதால் வண்டல் சேர்ந்துகொண்டே இருக்கும், 14.5 மீட்டர் ஆழத்துக்கே ஓயாமல் தூர்வார வேண்டியிருக்கிறது. விழிஞத்தில் கரையை ஒட்டியே 18 மீட்டருக்கு மேல் இயற்கை ஆழம், மணல் நகர்வும் குறைவு. சர்வதேசக் கப்பல் பாதை சுமார் 10 கடல் மைலில் போகிறது. பாதை விலகினால் எரிபொருளும் நேரமும் வீண் என்பதால், கப்பல் நிறுவனங்கள் முதலில் பார்ப்பது இந்தத் தூரத்தைத்தான். 2025 ஜூனில், உலகின் மிகப்பெரிய கன்டெய்னர் கப்பல்களில் ஒன்றான எம்எஸ்சி ஐரினா இங்கே வந்து நின்றது சும்மா இல்லை.

இதற்கு முன், நடுவே ஒரு துறைமுகத்தில் கப்பல் மாறும் இந்தியச் சரக்கில் ஏறத்தாழ முக்கால் பங்கு கொழும்பு, சிங்கப்பூர், மலேசியாவின் கிள்ளான் வழியாகவே போய்வந்தது. பெட்டி கூடுதலாக ஒருமுறை இறங்கி ஏறும். கூலி அங்கே போகும், சில நாள் தாமதம் நம் ஏற்றுமதியாளர் தலையில் விழும். கொழும்பின் தெற்கு முனையத்தை நடத்துவது சீன நிறுவனம். 2014இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் அங்கே வந்து நின்றது. நம் சரக்கு அயல் துறைமுகங்களை இந்த அளவு நம்பியிருப்பது ஆபத்து என்பதே என் கருத்து.

விழிஞத்துக்குச் செலவு வேறு பக்கம் வருகிறது. திறந்த கடல் என்பதால் சுமார் 3 கி.மீ. அலைத்தடுப்புச் சுவர் கட்ட வேண்டியிருந்தது. பாறாங்கல் தட்டுப்பாடு, 2017 ஒக்கி புயல், 2022 மீனவர் போராட்டம் எல்லாம் சேர்ந்து, 2019இல் முடியவேண்டிய வேலை 2024க்குத் தள்ளிப்போனது. கரை அரிப்பு பற்றிய மீனவர்களின் கவலையை ஒதுக்கிவிடக் கூடாது. துறைமுகத்தைக் கட்டி நடத்தும் அதானி நிறுவனத்துக்கு வழக்கமான 30 ஆண்டுக்குப் பதில் 40 ஆண்டு உரிமம் தந்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே குறை சொன்னார்.

கப்பலிலிருந்து கப்பலுக்கு மாறும் பெட்டியால் உள்ளூருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். கிடங்கு, லாரி, வேலை எல்லாம் பெருக வேண்டுமென்றால் பெட்டி நிலத்துக்கு இறங்க வேண்டும். அதற்கு பாலராமபுரம் வரையிலான 10.7 கி.மீ. ரயில் பாதை அவசியம். பெரும்பகுதி சுரங்கம் என்பதால் அது மெதுவாகத்தான் வரும்.