டயப்பரில் நச்சுப்பொருள் கண்டறியப்பட்டும் ஐரோப்பா ஏன் தனி வரம்பு விதிக்கவில்லை?

கேள்வி நியாயமானதே. பிரான்சின் உணவு, சுற்றுச்சூழல், பணியிட நலப் பாதுகாப்பு முகமையான ஆன்செஸ், சிறுநீரை ஒத்த கரைசலைக் கொண்டு டயப்பரிலிருந்து கசிபவற்றைச் சோதித்து, 2019 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. அதன் அடிப்படையில் ஃபார்மால்டிஹைடு, டையாக்சின், பிசிபி முதலிய நச்சு வேதிப்பொருள்களுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் வேதிப்பொருள் ஒழுங்குமுறைச் சட்டமான ரீச்சின் கீழ் வரம்பு விதிக்குமாறு 2020இல் பிரான்ஸ் முன்மொழிந்தது. ஆனால் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையின் இடர் மதிப்பீட்டுக் குழுவோ, ஆபத்து நிரூபிக்கப்படவில்லை என்று 2021இல் கருத்துரைத்தது. ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. ஒரு பொருள் இருப்பதைக் கண்டறிவது வேறு. ஈரமான தோல் வழியே அது எவ்வளவு உட்செல்லும் என்று கணக்கிடுவது வேறு. கணக்கில் கொள்ளும் அனுமானங்கள் மாறினால் முடிவும் மாறிவிடும். தவிர, ஃபார்மால்டிஹைடு முதலிய இந்த நச்சுப்பொருள்கள் மாசாகச் சேர்பவை. நறுமணப் பொருள்கள் அப்படியல்ல. உற்பத்தியாளர் வேண்டுமென்றே சேர்ப்பவை என்பதால், ஆன்செஸ் பரிந்துரைத்தபடி, சட்டத்துக்குக் காத்திராமலே அவற்றை நிறுத்திவிடலாம்.