மூளைக் கருவிக்கு அனுமதி வாங்கும் வேலை: கோத்தகிரி அப்பா ஒருவருக்கு

அண்ணா, மகளை இந்தத் துறைக்கு அனுப்பலாமா என்று போன வாரம் நீங்கள் கேட்டதற்கு அவசரத்தில் ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அது மனதை உறுத்துகிறது. பிளஸ் டூ படிக்கும் மகள், மூளையின் செயல்பாட்டைப் பதிவு செய்யும் கருவிகளுக்கு அரசு அனுமதி பெறும் துறைக்குப் போக வேண்டும் என்கிறாள். உங்களுக்கு அது ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கும் புரோக்கர் வேலையாகத் தெரிகிறது.

நம் பக்கம் யாருக்காவது வலிப்பு வந்தால் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் இ.இ.ஜி. என்ற மூளை அலைப் பதிவு எடுப்பார்கள். தலையில் பசை தடவி ஒயர் ஒட்டுவார்களே, அதுதான். 1924-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலில் மனித மூளையின் அலையைப் பதிவு செய்தார். அந்த அலை மைக்ரோவோல்ட் கணக்கில்தான் இருக்கும். கண்ணைச் சிமிட்டினால் அதைவிடப் பெரிய அலை எழும்பும். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது இலை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று உங்களுக்கும் பேக்டரிக்கும் பேச்சு வருமே, மூளை அலை எது, சிமிட்டல் எது என்று பிரிப்பதும் அதே சிக்கல்தான்.

வலிப்பைத் தானே கண்டுபிடிக்கும் என்று ஒரு புதுக் கருவி வந்தால், எத்தனை நோயாளிகளிடம் சரியாகப் பிடித்தது, எத்தனை முறை சிமிட்டலை வலிப்பு என்றது, பழுதானால் நோயாளிமேல் மின்சாரம் கசியுமா என்று கேள்விகள் வரும். பதில் ஒவ்வொன்றுக்கும் சோதனை வேண்டும். மின்பாதுகாப்புக்கு ஐ.இ.சி. 60601, ஆபத்து மதிப்பீட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 14971 என்று தரநிலைகள் உண்டு. அந்தச் சோதனைகளைத் திட்டமிட்டு, முடிவுகளைக் கோத்து எழுதுவதுதான் உங்கள் மகள் விரும்பும் வேலை. இதில் ஒரு தவறு நழுவினால், நோயே இல்லாத குழந்தை வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை விழுங்கும். அதனால்தான் இந்தப் பெண்ணின் ஆசையை நான் பெரிதாக நினைக்கிறேன்.

நம் நாட்டில் மருத்துவக் கருவி விதிகள் 2017-ல் வந்தன. ஆபத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி என நான்கு வகுப்பு. முதல் இரண்டையும் தயாரிக்க மாநில அதிகாரிகள் உரிமம் தருகிறார்கள், மற்றவற்றுக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. அமெரிக்காவில் 510(கே) என்றொரு வழி: ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு கருவிக்கு இணையானது என்று காட்ட வேண்டும்.

படிப்புக்கு வருகிறேன். இதற்கென்று ஆறு மாத டிப்ளமோ விற்பவர்களிடம் இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். ஒரு மாணவனை அப்படிச் சேர்த்துவிட்டு நான் வருந்தியிருக்கிறேன். அடிப்படைப் பட்டம் இல்லாமல் அவனை யாரும் நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. பயோமெடிக்கல் இன்ஜினியரிங், இ.சி.இ. என்ற எலக்ட்ரானிக்ஸ் படிப்பு, பி.பார்ம் எதிலிருந்தும் இந்தத் துறைக்கு வரலாம். இவளுக்குக் கணக்கும் இயற்பியலும் நன்றாக வருவதால் பயோமெடிக்கல்தான் என் தேர்வு. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியிலும் கோவை பி.எஸ்.ஜி. டெக்கிலும் இருக்கிறது. அங்கே இடம் கிடைக்காவிட்டால் வேறு கல்லூரியில் இ.சி.இ. எடுக்கட்டும். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதில் இடம் கிடைத்தால் கட்டணம் அரசுடையது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

வேலை பெங்களூரு, சென்னை, ஹைதராபாத் பக்கம்தான். மலையில் இருந்துகொண்டே பார்க்கலாம் என்று பொய் சொல்ல மாட்டேன். அண்ணியிடமும் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

ஆங்கிலம் எழுத வராது என்று அவள் பயப்படுவதாகச் சொன்னீர்கள். இயற்பியல் ரெக்கார்டு நோட்டில் அடுத்த சோதனையைப் பார்த்து எழுதாமல், என்ன செய்தாள், எங்கே தப்பியது என்று சொந்த வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டோடு அவளையும் கூட்டி வாருங்கள் அண்ணா. மதிப்பெண்ணுக்கு முன்னால் நான் அதைத்தான் பார்ப்பேன்.