அந்தப் பாட்டு எந்தப் பாட்டு?

கேள்வி: ஓர் ஆங்கிலப் படத்தில், மதுவிடுதிக் காட்சியில் பின்னணியில் ஒரு பெண் குரல் பாடுகிறது. வசனத்துக்கு அடியில் அரை நிமிடம்தான் கேட்கிறது. மொபைலில் பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷசாம் செயலியை வைத்து மூன்று முறை பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. பாட்டு அதில் இல்லவே இல்லையா?

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் பாட்டு அங்கே இருக்கும், செயலியின் காதில் சரியாக விழுந்திருக்காது. ஷசாம் மெட்டைத் தேடுவதில்லை, குறிப்பிட்ட ஒரு ஒலிப்பதிவைத் தேடுகிறது. ஒலியில் எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்று பார்த்து, அந்த உச்சப் புள்ளிகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, நடுவில் உள்ள நேர இடைவெளியோடு கைரேகை மாதிரி வைத்துக்கொள்கிறது. கொஞ்சம் பேச்சும் சத்தமும் கலந்தால் பரவாயில்லை. வசனமே ஓங்கி நின்றால் வசனத்தின் புள்ளிகள்தான் மிஞ்சும்.

அதனால் முதலில் காட்சியை முழுக்க ஓடவிட்டு, யாரும் பேசாத எட்டுப் பத்து விநாடியைத் தேடுங்கள். காட்சி தொடங்கி முதல் வசனம் வருவதற்கு முன்போ, ஒருவர் எழுந்து நடந்து போகும்போதோ அது கிடைக்கும். நேரத்தைக் குறித்துக்கொண்டு, செயலியை முதலில் கேட்கவிட்டுப் பிறகு படத்தை ஓட்டுங்கள். ஒலியை உச்சத்துக்கு ஏற்ற வேண்டாம். ஸ்பீக்கர் கரகரத்தால் பாட்டில் இல்லாத புள்ளிகள் முளைக்கும்.

5.1 ஒலியும் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு பாஸ் ஸ்பீக்கர் என்று பிரித்துத் தரும் ஒலி) தனித்தனி ஸ்பீக்கர்களும் இருந்தால் இன்னொரு வழி உண்டு. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, நடு ஸ்பீக்கரின் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். பேச்சு மங்கிப் பாட்டு மேலே வரும். காட்சிக்குள் இருக்கும் ரேடியோவில் ஒலிப்பதாகக் காட்டும் பாட்டைச் சில சமயம் நடுவிலேயே வைத்திருப்பார்கள், அப்போது இது பலிக்காது.

பழைய டிவிடியோ தொலைக்காட்சிப் பதிவோ என்றால் வேகத்தையும் சந்தேகப்படுங்கள். நொடிக்கு 24 பிரேம் எடுத்த படத்தை 25 பிரேமில் ஓட்டும் முறையில் எல்லாமே சுமார் 4 சதவீதம் வேகமாகும். மூன்று நிமிடப் பாட்டு ஏழு விநாடி குறையும். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் அது ஓர் அரைச்சுரத்தில் முக்கால் பங்கு அளவுக்கு ஏறியும் நிற்கும். கைரேகை பொருந்தாமல் போக இதுவே போதும். அந்தத் துண்டைப் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் வேகத்தை 0.96 மடங்காக்கி மறுபடி கேட்கவிடுங்கள்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் முதலில் நம்புவது படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைத்தான். ஸ்ட்ரீமிங்கில் அது சின்னதாகச் சுருங்கி அடுத்த படம் தொடங்கப் பார்க்கும். உடனே பெயர்ப் பட்டியலுக்கே திரும்பும் பொத்தானை அழுத்தி, பாடல்கள் வரும் இடத்தில் நிறுத்திப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் தலைப்பு, எழுதியவர், பாடியவர், யார் அனுமதி என்று வரிகள் இருக்கும். தேடும்போது எழுதியவரை விட்டுவிட்டுத் தலைப்போடு பாடியவர் பெயரைப் போடுங்கள். ஒரே பாட்டைப் பத்துப் பேர் பாடியிருக்கலாம். பல படங்களில் பாடல்கள் வரும் வரிசையிலேயே பட்டியல் இருக்கும், ஆனால் அது கட்டாயமில்லை. உங்கள் பாட்டு அதில் இல்லவே இல்லை என்றால், படத்தின் இசையமைப்பாளரே அந்தக் காட்சிக்காகப் போட்டதாக இருக்கலாம்.

கிடைத்ததும் சரிபாருங்கள். எந்தச் சொல்லின் எந்த அசையில் டிரம் விழுகிறது, பாடகி எங்கே மூச்சு வாங்குகிறார் என்று படத்தில் உள்ளதையும் கிடைத்த பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்டால் ஒரே பதிவா என்பது தெரிந்துவிடும். ஆண்டும் உதவும், ஆனால் ஏமாற்றவும் செய்யும். 1985 படத்தின் பாட்டுக்குச் செயலி 2009 என்று காட்டினால், அது பின்னால் வந்த தொகுப்பின் ஆண்டாக இருக்கலாம். முதல் வெளியீட்டு ஆண்டைப் பாருங்கள். பழைய பாட்டின் துண்டை எடுத்துப் போட்ட புதிய ராப் பாட்டின் பெயர் வருவதும் உண்டு.

கேள்வி: படத்தின் பெயரே நினைவில்லை, மெட்டு மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஷசாமிடம் முணுமுணுத்துப் பயனில்லை, அதற்கு அசல் பதிவே வேண்டும். கூகுள் செயலியில் மைக்கைத் தொட்டு, பாட்டைத் தேடும் வசதியில் 10 முதல் 15 விநாடி முணுமுணுங்கள். 2020-இல் வந்த வசதி இது. குரலின் தன்மை, வாத்தியம் எல்லாவற்றையும் உதறிவிட்டு, சுரம் ஏறி இறங்கும் வடிவத்தை மட்டும் பொருத்திப் பார்க்கிறது. எந்தச் சுருதியில் பாடினாலும் பாதகமில்லை. இடைவெளிகளும் தாளமும் நழுவினால்தான் சிக்கல். தொடையில் தட்டிக்கொண்டே பாடுங்கள். முகப்பு இசையை விட, திரும்பத் திரும்ப வரும் பல்லவியைப் பாடுவது நல்லது. சொற்கள் அரைகுறையாக நினைவிருந்தால் அவற்றைப் போட்டுக் குழப்பாமல் 'த ந ந' என்றே பாடுங்கள். ஒரே பெயரை அடம்பிடித்துச் சொல்லாமல், எவ்வளவு பொருந்துகிறது என்ற சதவீதத்தோடு சில பெயர்களைத் தரும். முதலாவதோடு நிற்காமல் எல்லாவற்றையும் கேளுங்கள்.

கேள்வி: பாட்டைக் கண்டுபிடித்து இசைத் தொகுப்பையும் வாங்கினேன். படத்தில் கேட்டது போல இல்லையே?

பதில்: உங்கள் காதின் மேல் பழி போடாதீர்கள். படத்தில் ஒலித்த பதிவும் தொகுப்பில் உள்ள பதிவும் வேறாக இருப்பது நடக்கிற விஷயம்தான். ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) தொடக்கத்தில் வரும் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் இசை, படத்தில் இசை நடத்துநர் காராயன் நடத்திய வியன்னா இசைக்குழுவின் பதிவு. அப்போது வந்த இசைத்தட்டிலோ கார்ல் பேம் நடத்திய பெர்லின் குழு வாசித்தது. இசை ஒன்று, வாசிப்பு வேறு. தொகுப்பிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் படத்தில் வரும் பாடல்கள் மட்டும் இருக்கும், மற்றொன்றில் பின்னணி இசை மட்டும். அட்டையைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ட்ரெய்லரில் வந்த இசை படத்தில் எங்கேயும் இல்லை. வெட்டிவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் அது படத்தில் இருந்ததே இல்லை. பின்னணி இசை முடிவதற்கு முன்பே ட்ரெய்லர் தயாராகிவிடும், அதனால் வேறு இடத்தில் வாங்கிய இசையை வைத்துவிடுவார்கள். படத்தின் பட்டியலில் தேட வேண்டாம். ட்ரெய்லரையே ஓடவிட்டு, குரல் வராத இடத்தில் ஷசாமைக் கேட்கவிடுங்கள்.