பழைய கார், புது பேட்டரியும் இறங்குகிறது. ஆல்டர்னேட்டரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது நாலு வரி. இருபது வயது தாண்டிய கார். போன மாதம்தான் புது பேட்டரி. அதுவும் இறங்குகிறது. பட்டறையில் டைனமோ போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள். (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைத்தான் பட்டறையில் பழைய பழக்கத்தில் டைனமோ என்பார்கள்.)

இதே பேச்சை இதே வரிசையில் நானும் கேட்டிருக்கிறேன். சொன்னபடி பேட்டரியும் மாற்றி, ஆல்டர்னேட்டரும் மாற்றி, எட்டாயிரத்துச் சொச்சம் கொடுத்த பிறகும் கார்த்திகை மழையில் பத்தமடைக்குப் பக்கத்தில் நடுரோட்டில் நின்றேன். அதனால் சொல்கிறேன், இப்போதைக்கு மாற்றாதீர்கள். முதலில் ஒயரை அளந்து பாருங்கள். அதுவும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்து பாருங்கள்.

முன்னாலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். "டீச்சருக்குப் பட்டறை வேலை என்ன தெரியும்" என்று கீழே எழுத வருகிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள். பழுதான ஆல்டர்னேட்டரே கிடையாது என்றும் நான் சொல்லவில்லை.

என்னுடையது 1997 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. வீடு திருநெல்வேலி சிந்துபூந்துறையில், பள்ளி சேரன்மகாதேவிப் பக்கம். மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், பத்தமடை வழியாகத் தினமும் போய் வருவேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதே, அன்றைக்கு என் வண்டியும் தெருவில்தான் நின்றது. பம்பர் மட்டத்துக்கு மேல் தண்ணீர். வடிந்ததும் சேற்றைக் கழுவி, ஆயில் மாற்றி, பிளக்கைத் துடைத்துப் போட்டார்கள். வண்டி ஓடியது. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சகதித் தண்ணீர் ஒயரின் உறைக்குள் போய்ச் செம்பை அரிக்க மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்த ஐப்பசியில் ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருகினால் செல்ஃப் (இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்) முனகும், சில நாள் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். பேட்டரிக்கு மூன்று வயது ஆகிவிட்டது என்பதால் யோசிக்காமல் புதிது போட்டேன். மூன்றே வாரத்தில் அதுவும் முனகியது.

ஒரு எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரி டெர்மினலைக் கழற்றினார். இன்ஜின் திணறி நின்றது. "டைனமோ போயிட்டு டீச்சர்" என்றார். எதனால் போயிற்று, எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வீட்ல அண்ணாச்சிய வரச் சொல்லுங்க, அவங்ககிட்ட வெவரமாச் சொல்லுதேன்." என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டவே தெரியாது. அந்த வண்டிக்கு ஆயில் பார்ப்பது, டயர் பார்ப்பது, இன்சூரன்ஸ் கட்டுவது எல்லாம் நான்தான். அன்றைக்குப் பதில் பேசாமல் சம்மதித்துவிட்டு வந்தேன். அந்த மௌனத்துக்கு இன்றும் எனக்கு என் மேலேயே கோபம் உண்டு.

இன்ஜின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றும் வழக்கம் நிஜ டைனமோ இருந்த காலத்து வழக்கம். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அதைச் செய்யவே விடாதீர்கள். பேட்டரி சட்டென்று விலகினால் வோல்டேஜ் எகிறும். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் அந்த நொடியிலேயே கருகலாம். நல்லதாக இருந்ததும் சோதனையிலேயே போய்விடும்.

ரீகண்டிஷன் செய்த ஆல்டர்னேட்டர் ஒன்று மாட்டினார்கள். பத்து நாள் நன்றாக இருந்தது. கார்த்திகையில் ஒரு நாள் பள்ளியில் கூட்டம் முடிந்து இருட்டிய பிறகு கிளம்பினேன். மழை. ஹெட்லைட், வைப்பர், கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்கப் புளோயர், மூன்றும் ஓடுகின்றன. சேரன்மகாதேவி தாண்டியதும் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. வைப்பர் பாதிக் கண்ணாடியில் தயங்கியது. பத்தமடையை நெருங்கும்போது இன்ஜின் நின்றுவிட்டது. இத்தனைக்கும் டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு பேட்டரி விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை. விளக்கு எரியாவிட்டால் சார்ஜ் சரியாக ஏறுகிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

வாழைத்தார் ஏற்றி வந்த லோடு வண்டிக்காரத் தம்பி ஒருவர் நிறுத்தினார். ஜம்பர் கேபிள் வைத்திருந்தார். சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் போட்டோம். செல்ஃப் அதே 'டக்'. அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "யக்கா, கறுப்புக் கிளிப்பப் பேட்டரில போடாண்டாம், இன்ஜின் இரும்புலயே கடிச்சு விடுவோம்" என்றார். இடம் மாற்றிக் கடிக்கவிட்டதும் ஒரே திருகில் வண்டி கிளம்பியது.

வீடு வந்து சேரும் வரை அது மனசை விட்டுப் போகவில்லை. பேட்டரி நெகட்டிவில் கிளிப் போட்டால் சுற்றாத செல்ஃப், இன்ஜின் இரும்பில் போட்டால் ஏன் சுற்றுகிறது? அப்படியானால் பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் வழிதான் அடைத்திருக்கிறது. என் வண்டியில் அந்தக் கறுப்பு கேபிள் கியர்பாக்ஸ் மேல் ஒரு போல்ட்டில் போய் உட்காரும். செல்ஃப் இழுக்கும் கரண்ட்டும் அதில்தான் போகிறது. ஆல்டர்னேட்டர் கொடுக்கும் சார்ஜும் அதன் வழியாகத்தான் சுற்றை முடிக்க வேண்டும். ஒரே கேபிள் கெட்டதற்குத்தான் பேட்டரியும் பழி சுமந்தது, ஆல்டர்னேட்டரும் சுமந்தது. இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நீண்ட நேரம் செல்ஃப் அடித்த காலைகளில் சோக் கேபிள் (டேஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் இழுவைக் கம்பி) சூடாக இருந்திருக்கிறது. பெரிய வழி அடைத்ததும் கரண்ட் அந்த மெல்லிய கம்பி வழியாக ஓடியிருக்கிறது. உங்கள் வண்டியில் சோக் கேபிளோ ஆக்ஸிலரேட்டர் கேபிளோ அப்படிச் சுட்டால், வேறு எதையும் பார்க்கும் முன் எர்த்தை, அதாவது பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் அந்தக் கறுப்பு கேபிளைப் பாருங்கள்.

மறுநாள் சனிக்கிழமை, சொந்தக் காசில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வந்தேன். இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் செய்து, ஹெட்லைட்டும் புளோயரும் போட்டு, பொறுமையாக அளந்தேன். ஆல்டர்னேட்டர் பின்னால் தடித்த ஒயர் ஏறும் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே 14.3 வோல்ட். பேட்டரியின் இரண்டு முனைக்கு நடுவே 12.9. மீதி 1.4 வோல்ட் எங்கே? ஆல்டர்னேட்டர் போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே 0.2, அது பரவாயில்லை. பேட்டரி நெகட்டிவுக்கும் ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் நடுவே 1.2. அங்கே 0.2-க்கு மேல் இருக்கவே கூடாது. 12.9, 0.2, 1.2 மூன்றையும் கூட்டினேன், சரியாக 14.3 வந்தது. ஒரு சுற்றில் வோல்டேஜ்களின் கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்கிற கிர்க்காஃப் விதியை 22 வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். அது என் கண்முன்னால் கூட்டிக்கொண்டு வந்து நின்றது அன்றைக்குத்தான். தெருவில் நின்று கைதட்டாத குறை.

அந்த எலக்ட்ரீஷியனும் கேபிளைச் சோதித்தார் என்பதை நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தார், எரிந்தது, ஒயர் சரி என்றார். அங்கேதான் விஷயம் இருக்கிறது. சுமார் 20 ஆம்பியர் ஓடும்போது 1.2 வோல்ட் விழுகிறது என்றால் அந்த இடத்தின் மின்தடை வெறும் 0.06 ஓம். டெஸ்ட் லேம்ப்புக்கு அது தெரியவே தெரியாது. மல்டிமீட்டரின் ஓம் அளவிலும் பிடிபடாது, மீட்டர் ஒயரின் மின்தடையே அதைவிட அதிகம். நூறு இழையில் ஐந்து மிச்சம் இருந்தாலும் லேம்ப் எரியும், மீட்டரின் பஸ்ஸர் கத்தும். செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும்: 0.06 ஓமில் 6 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும்.

கேபிளைக் கழற்றி, கியர்பாக்ஸ் பக்கம் உறையைக் கீறிப் பார்த்தபோது உள்ளே பச்சைப் பொடி. லக்கை (கேபிள் முனையில் போல்ட் ஏறும் உலோக வளையம்) தொட்டதும் கையோடு வந்துவிட்டது. புது கேபிள் போட்டு, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கினேன். முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. இன்றுவரை ஹெட்லைட்டோடு 14-க்குக் கீழே இறங்கவில்லை. கழற்றிய பழைய ஆல்டர்னேட்டரைக் காயில் கட்டும் கடையில் கொடுத்துப் பார்த்தேன். பிரஷ், டயோடு, ரெகுலேட்டர் எல்லாம் நன்றாக இருந்தன.

இங்கே ஒரு ஆதங்கத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நான் வேலை பார்த்த பள்ளிகளில் மல்டிமீட்டர் இருக்கும், கண்ணாடி பீரோவுக்குள், பூட்டி, உள்ளே செல் இல்லாமல். பன்னிரண்டாம் வகுப்பில் மீட்டர் சமனச்சுற்று (கம்பியின் மின்தடையைக் கண்டுபிடிக்கும் சோதனை) செய்முறை உண்டு. பிள்ளைகள் கம்பியைத் தொடுவதற்கு முன்பே ரீடிங் நோட்டில் ஏறிவிடும், போன வருஷத்து நோட்டிலிருந்து. பெண்பிள்ளைகள் அட்டவணை போடுவார்கள், பையன்கள் இணைப்புக் கொடுப்பார்கள். நானும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள்தான். இப்போது என் மீட்டரை வகுப்புக்கு எடுத்துப் போகிறேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பேட்டரியையாவது தன் கையால் அளக்காமல் விடுவதில்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். காலையில் எதையும் போடுவதற்கு முன் பேட்டரியை அளங்கள். 12.6 இருந்தால் நிறைந்திருக்கிறது, 12 என்றால் ஏறக்குறைய காலி. ராத்திரி நிறைந்திருந்தது காலையில் காலியாகிறது என்றால் அது வேறு கதை. எங்கோ கரண்ட் கசிகிறது, ஆல்டர்னேட்டர் டயோடாகக்கூட இருக்கலாம். ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் தொளதொளவென்று இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். சாவியை செல்ஃப் அடிப்பதற்கு முந்தைய ON நிலைக்குத் திருப்பும்போது சிவப்பு பேட்டரி விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்பைப் பாருங்கள், பல பழைய வண்டிகளில் அந்த பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை உசுப்பிவிடுகிறது. பிறகு நான் அளந்த நாலு இடங்களையும் அளங்கள். பேட்டரியில் கேபிளை மாட்டும் கவ்வியில் மீட்டரை வைக்காதீர்கள், பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வையுங்கள், கவ்வியே கெட்டிருக்கலாம். ஆல்டர்னேட்டர் போல்ட்டில் இன்ஜின் நின்றிருந்தாலும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பட்டால் தீப்பொறி பறக்கும், கவனம்.

ஆல்டர்னேட்டரின் போல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவிலேயே, லைட் எல்லாம் போட்ட நிலையில் 13-க்குக் கீழே காட்டினால், பெல்ட்டும் பல்பும் சரியாக இருந்தால், உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்வது சரி. அப்போதும் முழுதாக மாற்றும் முன் கழற்றி பிரஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அளந்ததும் நாலு எண்களையும் இங்கே எழுதுங்கள். ஹெட்லைட் போட்டு எடுத்ததா, அணைத்து எடுத்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வண்டி எப்போதாவது தண்ணீரில் நின்றதுண்டா என்பதையும்.