வெள்ளெழுத்துன்னா என்ன? 40 தாண்டினா ஏன் வருது?

போனை கைநீட்டி தூரமா பிடிச்சாத்தான் எழுத்து தெரியுது, ஆனா கண்ணாடி போட்டா வயசாயிடுச்சுன்னு நினைப்பாங்களேன்னு நிறைய பேர் கேக்குறாங்க. இதுக்குப் பேருதான் வெள்ளெழுத்து, அதாவது கிட்ட இருக்கிறது மங்கலா தெரியறது.

நம்ம கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்கு, கிட்டக்க பாக்கும்போது அது குண்டாகணும், சின்ன வயசுல ஈஸியா ஆகும். ஆனா அந்த லென்ஸ்ல வாழ்நாள் பூரா புது அடுக்கு சேர்ந்துக்கிட்டே இருக்கும், பழசு உதிராது, அதனால வருஷம் ஆக ஆக இறுகிடும். இளநீர் வழுக்கை ஸ்பூன்ல வளையும்ல, அதே முத்தின தேங்காயானா வளையாது. அதுக்காக முத்தின தேங்காயை கெட்டுப்போச்சுன்னு யாராச்சும் தூக்கிப் போடுவாங்களா, சட்னிக்கு அதுதானே வேணும்!

எனக்கு 44ல வந்துச்சு. அம்மாவோட மாத்திரை அட்டையை டியூப்லைட் கிட்ட கொண்டுபோய் திருப்பித் திருப்பிப் பாத்தேன், எக்ஸ்பயரி தேதி 3ஆ 8ஆன்னு தெரியல. வெட்கப்பட்டு மறைச்ச ஒரு வருஷமும் தலைவலிதான் மிச்சம், கண்ணாடி போட்டப்புறம் மறுபடி புத்தகம் படிக்க ஆரம்பிச்சேன், அந்த சந்தோஷத்துக்கு ஈடே இல்ல. செக்கப் போறப்போ கண் அழுத்தமும் பாத்துடுங்க, சுகர் இருந்தா விழித்திரையும்.

கண்ணாடி போட்டா பவர் ஏறிடும்னு சொல்றது தப்பு, போட்டாலும் போடாட்டாலும் கிட்டத்தட்ட 60, 65 வரைக்கும் லென்ஸ் இறுகுறதாலதான் பவர் ஏறுது.